டெல்லிப் பூங்காவில் மெட்டல் டிடெக்டர்: யாரிடம், எதற்கு அனுமதி கேட்பது?

இங்கிலாந்தில் ஒருவர் மழைக்கோட்டும் ஹெட்போனுமாக உழுத வயலில் நடக்கிறார். கையில் இருக்கும் கருவி கீச்சிடுகிறது. குனிந்து ஒரு கை மண்ணைக் கிளறினால் ரோமானியக் காசு. யூடியூபில் இப்படி நாலு வீடியோ பார்த்தவருக்கு ஐந்தாவது முடிவதற்குள் ஒரு யோசனை வந்துவிடும். நாம் இருப்பது டெல்லி. அரசுகள் மாறி மாறி ஆண்ட மண். இங்கே இல்லாததா அங்கே கிடைத்துவிடப் போகிறது?

ஆசையில் தப்பில்லை. கருவியும் ஆன்லைனில் கிடைக்கிறது. டெல்லிக்காரருக்கு அது புதிதும் இல்லை. மெட்ரோ, மால், சினிமா என்று எங்கே நுழைந்தாலும் நம்மைத் தடவிப் பார்ப்பது அதே சாமான்தான். அதை மண் பக்கம் திருப்பினால் மட்டும் விஷயம் சிக்கலாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துப் பூங்காவுக்கு எடுத்துப் போகலாமா, யாரிடமாவது கேட்க வேண்டுமா, கேட்டால் கொடுப்பார்களா என்பதை முதல்முறை யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். "மெட்டல் டிடெக்டர் அனுமதிப் படிவம்" என்று டெல்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ.விலோ மாநகராட்சியான எம்.சி.டி.யிலோ தேடினால் கிடைக்காது. பூங்காவில் கல்யாண விருந்து வைப்பதற்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வழிமுறை இருக்கிறது. இதற்கு இல்லை. படிவம் இல்லாததால் தடையும் இல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பொது இடத்தில் தேட அனுமதி என்று நாம் சொல்வதற்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அந்த இடத்துக்குள் போகலாமா? கருவியைப் பிடித்துக்கொண்டு தரைக்கு மேல் தேடலாமா? சத்தம் வந்த இடத்தில் தோண்டலாமா? கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் ஆள் வேறு, சட்டம் வேறு. பூங்கா வாசல் திறந்திருக்கிறது என்பது முதல் கேள்விக்கு மட்டுமே பதில். வாசலில் இருக்கும் சௌகிதார், "தேடிக்கோங்க சார், என்ன போகுது" என்று சொன்னால் அது இரண்டாவதற்குக்கூட முழுப் பதில் ஆகாது. மூன்றாவதும் நான்காவதும் அவர் கையில் இல்லவே இல்லை.

கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால் தோண்டுவதை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது புரியும். அதன் அடியில் இருக்கும் வட்டச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டங்கள் சுழலும். அவை உண்டாக்கும் எதிர்ப் புலத்தைக் கருவி பிடித்துச் சத்தமாக்குகிறது. இதனால் மண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் கீழே இருப்பது என்ன என்று கருவியால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. குளிர்பான டின்னின் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒலிக்கும். காசு அளவுப் பொருள் என்றால் சாதாரணக் கருவி பதினைந்து, இருபது சென்டிமீட்டர் ஆழம் வரை உணரும். ஆகவே ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குழி. டெல்லியில் பல பூங்காக்கள் கட்டட இடிபாடான மல்பாவை நிரப்பி, மேலே மண் போட்டுப் புல் வளர்த்தவை. இரும்புக் கம்பித் துண்டு, ஆணி, பாட்டில் மூடி, பட்டாசுக் கம்பி எல்லாமே சத்தம் போடும். ஒரு மணி நேரத்தில் புல்வெளி அம்மை போட்ட முகமாகிவிடும். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் மாலிக்குக் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை. பாசனக் குழாயும் விளக்குக்குப் போகும் மின்கேபிளும் அதே புல்லுக்கு அடியில்தான் ஓடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கருவியைவிட மூத்தது என்பது ஒரு வேடிக்கை. டெல்லிக்குப் பொருந்தும் இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துப்பாக்கியால் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு டிடெக்டரைச் செய்து பார்த்தது 1881இல். எனவே மெட்டல் டிடெக்டர் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. எதைக் கொண்டு தேடினீர்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. கிடைத்தது என்ன, யாரிடம் சொன்னீர்கள் என்றுதான் கேட்கும்.

நிலம் யாருடையது?

டெல்லியில் இதுதான் பெரிய வேலை. "அரசு நிலம்" என்று ஒரே ஆள் கிடையாது. பெரிய பூங்காக்கள் பலவும் டி.டி.ஏ. வசம். காலனிக்குள் இருக்கும் சின்னப் பூங்காக்கள் பெரும்பாலும் எம்.சி.டி.; அவற்றில் பல டி.டி.ஏ. உருவாக்கிப் பிறகு கைமாற்றிக் கொடுத்தவை. ஆங்கிலேயர் கட்டிய புது டெல்லியான லுட்யன்ஸ் பகுதியில் அதன் நகராட்சியான என்.டி.எம்.சி. அரசு குவார்ட்டர்ஸ் இருக்கும் இடங்களில் மத்தியப் பொதுப்பணித் துறையான சி.பி.டபிள்யூ.டி. கன்டோன்மென்டில் ராணுவம். ரிட்ஜ் என்று நாம் சொல்லும் ஆரவல்லிக் காடு வனத்துறைக்கு. இவை போக ரயில்வே, மெட்ரோ, வக்ஃப் நிலங்கள்.

இந்தப் பட்டியலாவது பரவாயில்லை. ஒரே வேலிக்குள் இரண்டு மூன்று பேர் இருப்பதுதான் தலைவலி. லோதி தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புல்வெளியும் மரங்களும் என்.டி.எம்.சி.யுடையவை. நடுவில் நிற்கும் சிக்கந்தர் லோதி கல்லறை, படா கும்பத் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1936இல் இதைப் பூங்காவாக்குவதற்கு முன் இங்கே கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. மக்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் புல் நட்டார்கள். டிடெக்டர் வைத்திருப்பவருக்கு இதைக் கேட்டால் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் புல்லைப் பார்த்துக்கொள்பவர் சரி என்றாலும் கல்லறைக்குக் காவல் இருப்பவர் சரி என்று சொல்லவில்லையே. சஞ்சய் வனம் இன்னொரு உதாரணம். பராமரிப்பது டி.டி.ஏ., நிலம் ரிட்ஜ் காட்டோடு சேர்ந்தது, உள்ளே லால் கோட் என்ற பழைய கோட்டையின் மதில் ஓடுகிறது. அங்கே யாரிடம் கேட்பது என்று யோசிப்பதைவிட அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

ஆர்.கே.புரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பழக்கமான காட்சி. மலை மந்திர் கோயிலுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் போய்வரும் வழியிலேயே, குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவில் லோதி காலத்துக் கும்பத்கள், அதாவது குவிமாடக் கட்டடங்கள், நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செக்டார் 3இல் பிஜ்ரி கான் கல்லறை. செக்டார் 5இல் வஜீர்பூர் கல்லறைகளும் ஒரு படிக்கிணறும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானம் மாதிரித்தான் தெரியும். அங்கே யார் வேண்டுமானாலும் நடக்கலாம், உட்காரலாம். தோண்டுவது முற்றிலும் வேறு கதை.

உங்கள் பூங்கா யாருடையது என்று கண்டுபிடிக்க முதலில் வாசல் பலகையைப் படியுங்கள். பெரும்பாலும் துறையின் பெயரும் தோட்டங்களைக் கவனிக்கும் ஹார்டிகல்ச்சர் பிரிவின் பெயரும் இருக்கும். பலகை துருப்பிடித்துப் போயிருந்தால் மாலியிடம் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பலகையைவிட நம்பகமான தகவல் அது. குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் தெரிந்திருக்கும். எதுவும் உதவவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். "இந்த இடத்தில் இருக்கும் பூங்காவின் உரிமையும் பராமரிப்பும் எந்தத் துறையிடம் உள்ளன?" என்று ஒரே கேள்வி போதும். அதிலேயே டிடெக்டர் பற்றியும் கேட்டுக் குழப்ப வேண்டாம்.

கேட்கவே வேண்டாத இடங்கள்

சில இடங்களுக்கு விண்ணப்பம் எழுதுவதே நேர விரயம். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச்சின்னங்கள் டெல்லியில் 170க்கும் மேல் இருக்கின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் அகழ்வது என்பது அந்தத் துறை அதிகாரிகளும் உரிமம் பெற்றவர்களும் செய்யும் வேலை. அந்த உரிமம் ஆய்வு நிறுவனங்களுக்கானது. வார இறுதி ஆர்வலர்களுக்கு அல்ல. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2010 திருத்தத்துக்குப் பிறகு சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இந்த எல்லைகள் முக்கியமாகக் கட்டடம் கட்டுவதையும் சுரங்க வேலையையும் மனதில் வைத்துப் போட்டவை. இருந்தாலும் புதிதாக ஆரம்பிப்பவர் அந்த முந்நூறு மீட்டரையும் மறந்துவிடுவதே என் யோசனை. கேமராவுக்கு ட்ரைபாட் வைக்கவே அனுமதி கேட்கும் இடத்தில் நீங்கள் கொத்துக்கரண்டியோடு போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ரிட்ஜ் இன்னொன்று. வடக்கு ரிட்ஜில் 1857இல் பெரிய சண்டை நடந்தது, அதனால் ஈயக் குண்டுகள் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 1927ஆம் ஆண்டு வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காட்டில் எந்தக் காரணத்துக்காகவும் நிலத்தைக் கிளறுவதைக் குற்றமாகச் சொல்கிறது. விவசாயத்துக்காக என்றாலும் சரி, வேறு எதற்காக என்றாலும் சரி. கன்டோன்மென்ட், ரயில் பாதை, விமான நிலையச் சுற்றுப்புறம் பற்றி விளக்கம் தேவையில்லை.

யமுனையைப் பற்றியும் கேட்பார்கள். பாலத்துக்கு அடியில் கயிற்றில் காந்தத்தைக் கட்டி வீசி, பக்தர்கள் ஆற்றில் போட்ட காசுகளை எடுக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் எஃகு என்பதால் காந்தத்தில் ஒட்டும். அவர்கள் செய்கிறார்களே, நாம் செய்தால் என்ன? அவர்களை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை உங்களுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, வயிற்றுப் பிழைப்புக்காகச் சாக்கடை நீரில் இறங்குபவரிடம் போலீஸ் காட்டும் தயவை, ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கியவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

புதையலைப் பூதம் காப்பது போல அரசு உட்கார்ந்திருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கு டெல்லியிலேயே நல்ல பதில் இருக்கிறது. இங்கே அசோகர் காலத்துத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. ஒன்று பிரோஸ் ஷா கோட்லாவில், மற்றொன்று வடக்கு ரிட்ஜில். இரண்டையும் பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் வெளியூர்களிலிருந்து கொண்டுவந்தார். ஒன்று டோப்ராவிலிருந்து, இன்னொன்று மீரட்டிலிருந்து. எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அசோகர் காலத்து டெல்லியைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. 1966இல் கைலாஷ் காலனிக்குக் கிழக்கே பஹாபூரில் ஒரு பாறையில் எழுத்துகள் இருப்பது ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் கண்ணில் பட்டது. அது அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு. பார்க்க எடுப்பாக இருக்காது. கரடுமுரடான சாய்ந்த பாறை. ஆனால் அது பிறந்த இடத்திலேயே கிடக்கிறது. அதனால்தான் இந்தப் பகுதி வழியாக அந்தக் காலத்தில் ஆள் நடமாட்டமும் பாதையும் இருந்தன என்று வரலாற்றாசிரியர்களால் வாதிட முடிகிறது. பொருள் பாதி, அது கிடந்த இடம் பாதி.

நம் ஊரிலும் இதையே பார்க்கலாம். கரூர் அமராவதி ஆற்று மணலில் சங்ககாலக் காசுகள் நிறையக் கிடைத்தன. மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். எழுத்து இருந்ததால் அவை பேசின. எழுத்தில்லாத காசு மணலோடு சலித்து எடுக்கப்பட்டால், எந்த அடுக்கில் எதோடு சேர்ந்து கிடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கீழடியில் குழியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சென்டிமீட்டர் கணக்குப் பார்த்துத் தோண்டுவது இதற்காகத்தான். டிடெக்டர்காரர் போடும் பதினைந்து சென்டிமீட்டர்க் குழி சின்னதுதான். மேல் அடுக்கை ஒரு முறை கலைத்துவிட்டால் திருப்பி அடுக்க முடியாது என்பதுதான் பிரச்சினை.

இங்கிலாந்து வீடியோக்களில் இந்தப் பக்கம் சரியாகத் தெரிவதில்லை. அங்கேயும் நில உரிமையாளர் சம்மதம் இல்லாமல் யாரும் தேட முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தனி அனுமதியில்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். கிடைத்ததைப் பதிவுசெய்ய 1997லிருந்து அரசு ஆதரவில் ஒரு திட்டம் நடக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு பதிவு ஏற்பாடு இல்லை. அது இருந்திருந்தால் ஆர்வலர்களுக்கும் நல்லது, தொல்லியலுக்கும் நல்லது என்பது என் எண்ணம். வரும் வரை இருப்பதை வைத்துத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது?

"எனக்கு இது பொழுதுபோக்கு, பூங்காவில் தேட அனுமதி கொடுங்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பு நகராது. அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள். மறுத்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கொடுத்துவிட்டு நாளை ஏதாவது நடந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் பயமில்லாமல் கையெழுத்துப் போடக்கூடிய அளவுக்குச் சின்னதாகக் கேளுங்கள். ஒரு பூங்கா, அதில் ஒரு மூலை, ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரு காரணம்.

எடுபடக்கூடிய காரணம் தொலைந்த பொருள்தான். கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, மதிய வெயிலில் நாலு தமிழ்க் குடும்பங்கள் நேரு பூங்காவில் புளியோதரையும் தயிர்சாதமுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கை கழுவும்போது மச்சானின் மோதிரம் புல்லில் விழுந்துவிட்டது. முதலில் டெல்லி காவல்துறை இணையதளத்தில் தொலைந்த பொருளுக்கான பகுதியில் பதிவு செய்து அந்த அறிக்கையை அச்சிடுங்கள். அப்புறம் பூங்கா யாருடையதோ அந்தத் துறையின் ஹார்டிகல்ச்சர் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம். நேரு பூங்காவென்றால் என்.டி.எம்.சி. என்ன பொருள், எப்போது, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி, கைப்பட ஒரு வரைபடம் போட்டு, வாங்கிய ரசீதோ மோதிரம் தெரியும் போட்டோவோ இருந்தால் இணையுங்கள். பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவி, இத்தனை பேர் வருவோம், மண்வெட்டி கொண்டுவர மாட்டோம், விரல் ஆழத்துக்கு மேல் கிளற மாட்டோம், எடுத்த புல்லை அதே இடத்தில் பதித்து அழுத்திவிடுவோம், துறை ஊழியர் ஒருவர் உடன் இருக்கட்டும், வேறு எது கிடைத்தாலும் அங்கேயே அவரிடம் காட்டுவோம் என்று எழுதுங்கள். கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் கடிதத்துக்கு உயிர். அதிகாரியின் சந்தேகம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். ஹிந்தியில் இருந்தால் பூங்காவில் இருக்கும் ஊழியரும் படித்துப் புரிந்துகொள்வார் என்பதால் நான் அதைத்தான் சொல்வேன். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் டைரி நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். டெல்லி அலுவலகங்களில் இதற்கு ரிசீவிங் என்று பெயர். டைரி நம்பர் இல்லாத கடிதம் பிறக்காத பிள்ளை; அதைப் பற்றி அடுத்த வாரம் யாரிடமும் விசாரிக்க முடியாது.

ரிசீவிங் கிடைத்ததும் சிலர் அனுமதி கிடைத்ததாக நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். அது கடிதம் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி மட்டும். பதில் வராமல் இருப்பதும் சம்மதம் ஆகாது. கிடைக்கும் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், மின்னஞ்சலானாலும் போதும். அதில் இடம், தேதி, நேரம், உங்கள் பெயர் இருக்கட்டும். மேலோட்டமாகக் கிளறலாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். "தேடலாம்" என்று மட்டும் இருந்தால் தோண்டுவதற்கு அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சத்தம் வந்த இடத்தை ஊழியரிடம் காட்டி அவரையே கிளறச் சொல்லலாம். நகல் ஒன்றை அருகிலுள்ள காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டால் ரோந்து வருபவர் முன்னால் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்காது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நெருங்கும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். நகரம் முழுக்கப் பாதுகாப்பு இறுகியிருக்கும்போது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு தரையை ஆராய்பவரைப் பார்த்தால் எந்தக் கான்ஸ்டபிளுக்கும் சந்தேகம் வரும். கடிதம் பையில் இருந்தாலும் அன்றைய பொழுது ஸ்டேஷனில் போய்விடும்.

கிடைத்துவிட்டால்

மோதிரம் கிடைத்தால் சந்தோஷம். மோதிரத்தைத் தேடும்போது வேறு யாருடைய வளையலோ கிடைத்தால் அது உங்களுடையது ஆகிவிடாது. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கும்போது தனதாக்கிக்கொள்வதைக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதை குற்றமாகவே பார்க்கிறது. உடன் இருக்கும் ஊழியர் முன்னிலையில் எழுதிவைத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

பழைய பொருள் என்று தோன்றினால் கையை எடுங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், இன்னும் ஆழமாகப் போகாதீர்கள். கிடந்த நிலையிலேயே போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குண்டு, ஷெல் மாதிரித் தெரிந்தால் விலகி நின்று 112க்குப் போன் செய்வது ஒன்றுதான் வேலை.

இனி அந்த 1878 சட்டம். மண்ணுக்குள்ளோ மண்ணோடு சேர்ந்த எதற்குள்ளோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன் கணக்கில் புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் போதும். அன்று பத்து ரூபாய் பெரிய தொகை. எண்ணை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறோம். கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டெல்லியில் அது மாவட்ட மாஜிஸ்திரேட்டான டி.எம்.மின் அலுவலகம். பொருள் என்ன, தோராய மதிப்பு என்ன, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதி, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கலெக்டர் கேட்கும் பிணையைக் கொடுக்க வேண்டும். நம் ஊர்ச் செய்திகளில் "வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது சாமி சிலை, தாசில்தாரிடம் ஒப்படைப்பு" என்று வருகிறதே, அதன் பின்னால் இருப்பது இந்தச் சட்டம்தான்.

அதன்பின் கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் வருவதற்கு நான்கு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மேற்போகாமல் ஒரு நாள் குறிப்பார். நூறு ஆண்டுக்குள் யாரோ புதைத்தது என்று நம்பக் காரணம் இருந்து, அவரோ அவர் வழியினரோ வந்து கேட்டால் நீதிமன்றம் போக அவகாசம் கொடுப்பார். யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கு. அவர்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். இதைக் கேட்டுக் கணக்குப் போட ஆரம்பிக்காதீர்கள். அரசு விரும்பினால் பொருளைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அப்போது பொருளில் இருக்கும் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கும். அபூர்வமான செப்புக்காசு என்றால் செம்பின் விலையை யோசித்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் திருட்டுத்தனமாகத் தோண்டியவருக்கு முக்கால் பங்குக் கணக்கைவிட முதலில் 1958 சட்டத்தின் தண்டனைதான் எதிரே வரும்.

தெரிவிக்காமல் விட்டாலோ, அடையாளம் தெரியாதபடி உருக்கினாலோ, பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். விற்றுவிடலாம் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நிற்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசும் சிற்பமும் அதன் பார்வையில் தொல்பொருள். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு ஒன்று அனுப்பி வைக்கிறேன்" என்பது அன்பான எண்ணம்தான், ஆனால் அதற்குக் குறைந்தபட்சமே ஆறு மாதச் சிறை.

இத்தனைக்கும் பிறகும் கருவியை ஓட்டிப் பழக வேண்டும் என்று கை அரித்தால் தனியார் நிலம் பாருங்கள். சத்தர்பூர் பக்கமோ நஜஃப்கர் பக்கமோ தெரிந்தவரின் பண்ணை இருந்தால், அருகில் பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உரிமையாளரிடம் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். நீங்களே நாலு காசையும் ஒரு ஆணியையும் வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, எது எப்படி ஒலிக்கிறது என்று காதுக்குப் பழக்கலாம். அங்கேயும் புதையல் சட்டம் உண்டு என்பதால், ஏதாவது கிடைத்தால் யாருக்கு எவ்வளவு என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் முக்கால், கால் என்ற கணக்கு வந்து நிற்கும். பண்ணைக்காரர் அதை உங்கள் வாயால் முதல்முறை கேட்கும் நாள் நட்புக்கு நல்ல நாளாக இருக்காது.